சுசந்திகா வென்றது வெள்ளியா, வெண்கலமா? நம் மைதானத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

1. உவர்மலையான் | ஞாயிறு, இரவு 8.10

இன்று மாலை பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சேர், சுசந்திகா எடுத்தது வெள்ளியா, வெண்கலமா?" பக்கத்தில் நின்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் வெண்கலம் என்றார்கள். இரண்டு பேர் வெள்ளி என்றார்கள். ஒரு பையன், "அது யார்?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் அந்தப் பையனின் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுசந்திகா ஜயசிங்க இலங்கையின் குறுந்தூர ஓட்டக்காரர், 1975 டிசம்பரில் பிறந்தவர். வரக்காப்பொலைக்கு அருகே அத்னாவல என்ற கிராமம். ஏழைக் குடும்பம். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் வெள்ளி வென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது. 1997இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் அதே தூரத்தில் மீண்டும் வெள்ளி. 2000 செப்டெம்பர் 28ஆம் தேதி சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் மெரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலில் வந்தார். பஹாமாஸின் பாலின் டேவிஸ் தொம்சன் 22.27. நம் சுசந்திகா 22.28. அன்று கழுத்தில் விழுந்தது வெண்கலம். ஏழு ஆண்டுகள் கழித்து, 2007இல், தான் ஊக்கமருந்து எடுத்ததை ஜோன்ஸே ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு மற்றவர்களை ஒரு படி உயர்த்தியது. ஆகவே இன்றைய பதிவேட்டில் அது வெள்ளி.

என் கேள்வி பதக்கத்தின் நிறத்தோடு நிற்கவில்லை. ஏதென்ஸில் சுசந்திகா ஓடிய நேரம் 22.39. அவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தவர் ஜமேக்காவின் மெர்லின் ஒட்டி. அப்போது ஒட்டிக்கு முப்பத்தேழு வயது. நேரம் 22.40. மூன்று ஆண்டுகள் கழித்துச் சிட்னியில் அதே நூறில் ஒரு பங்கு செக்கன் சுசந்திகாவுக்கு எதிராக விழுந்தது. ஒரு முறை கொடுத்தது, ஒரு முறை எடுத்தது. அவர் ஓடிய வேகத்தில் நூறில் ஒரு செக்கன் என்பது ஏறக்குறைய ஒன்பது சென்ரிமீற்றர். உங்கள் உள்ளங்கையை விரித்து வையுங்கள், அதன் அகலம் அவ்வளவுதான்.

அந்த உள்ளங்கை அகலத்தை நம் பிள்ளைகள் ஒரு முறையாவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? முப்பது ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இதற்கு நல்ல பதில் இல்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.


2. நிலாவெளி_மகள் | ஞாயிறு, இரவு 9.02

வணக்கம் ஐயா. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடைக்காரர் பெரிய பற்றரியில் வானொலி ஓடவிடுவார். அப்பா கடலுக்குப் போக முடியாத நாள்களில் அங்கேதான் இருப்பார். போட்டி பிற்பகலில் நடந்தது. எங்களுக்கு மாலைச் செய்தியில்தான் தெரியவந்தது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்குள் வருவதற்கும் போவதற்கும் எத்தனை சோதனைச் சாவடிகள் என்று உங்களுக்கும் தெரியும். அந்தக் கடையில் செய்தி கேட்டவர்கள் யாரும் கைதட்டவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வலை பின்னுகிற பெரியவர் ஒருவர், "பிள்ளை எங்கே ஓடிப் பழகியிருப்பாள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈர மணலில் ஒரு கோடு கிழித்து, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தைக் காட்டி, "அதுவரைக்கும் ஓடு" என்றார்.

மூன்று ஆண்டுகள் ஓடினேன். அதன் பிறகு வயதுக்கு வந்த பெண் காற்சட்டை போட்டு ஓடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அந்த மௌனத்தை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வெள்ளி என்றே சொல்லுங்கள் ஐயா. அது அவருடையது.


3. துறைமுக_வாசி | ஞாயிறு, இரவு 10.15

சுசந்திகாவை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரிசையாகச் சொல்லுங்கள். இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் 1948இல் இலண்டனில் கிடைத்தது. டங்கன் வைட், 400 மீற்றர் தடையோட்டம், 51.8 செக்கன், வெள்ளி. அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் எதுவும் இல்லை. சுசந்திகா அந்த வறட்சியைத் தீர்த்தவர்.

இடையில் ஒரு தமிழர் இருக்கிறார். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சுசந்திகாவைத் தெரியாத பையனைப் பற்றி வருந்துகிறீர்கள். எதிர்வீரசிங்கத்தைத் தெரியாத தலைமுறை பற்றியும் வருந்துங்கள்.


4. உவர்மலையான் | திங்கள், காலை 6.20

துறைமுகவாசி ஐயா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நானே என் மாணவர்களுக்கு எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொன்னது குறைவு. அடுத்த ஞாயிறு சொல்வேன். ஒருவரைச் சொன்னால் மற்றவர் குறைந்துபோக மாட்டார்.

நிலாவெளி மகளே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். "பிள்ளை எங்கே ஓடிப் பழகியிருப்பாள்?" என்ற அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டும்.


5. கிண்ணியா_மூன்றாம்தடம் | திங்கள், பிற்பகல் 1.45

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம். நான் 200 மீற்றர் ஓடியவன். யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். சேர் கேட்ட கேள்விக்கு என் கதையே பதில் என்று நினைக்கிறேன்.

2003. கிண்ணியாப் பாலம் அப்போது இல்லை, 2009இல்தானே திறந்தார்கள். பாதையில், அதாவது மிதவைப் படகில், கடல் கடந்து திருகோணமலை நகரத்துக்கு வந்து ஓடிப் பழகினேன். மைதானம் புல்தரை. போட்டிக்கு இரண்டு நாளுக்கு முன்புதான் கயிறும் முளையும் வைத்து வளைவை அளந்து சுண்ணாம்பு போடுவார்கள். ஒழுங்கான 400 மீற்றர் ஓடுபாதையில் வளைவின் உள்விளிம்பு ஆரை 36.5 மீற்றர். ஒவ்வொரு தடமும் 1.22 மீற்றர் அகலம். எங்கள் மைதானத்தில் இடம் போதாது. ஆகவே வளைவு இன்னும் இறுக்கமாக இருக்கும், ஓரிடத்தில் மண் மேடு தட்டும். மூன்றாம் தடத்தில் ஓடினால் எந்த அடியில் அந்த மேடு வரும் என்று எனக்கு மனப்பாடம். இடது கால் அதில் பட்டால் உடம்பு வெளியே தள்ளப்படும். அதற்கு ஏற்ப ஓர் அடி முன்பே தோளைச் சரித்துக்கொள்வேன். என் பெயரின் காரணம் அதுதான்.

அந்த மைதானத்தில் என் நேரம் 22.9. கைக்கடிகாரம். மூன்று நேரக் கணிப்பாளர்களில் இரண்டு பேருக்கு 22.9. ஊரே கொண்டாடியது. மாமா ஒருவர் ஆணிச் சப்பாத்து வாங்கித் தந்தார். பிறகு கொழும்பில் ஒரு போட்டி. செயற்கை ஓடுதளம், மின்னியல் நேரக் கணிப்பு. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தளத்தில் கால் வைக்கிறேன். தொடக்கக் கட்டையும் புதிது. ஓடி முடித்துப் பலகையைப் பார்த்தால் 23.41.

அரை செக்கன் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. கூட வந்தவர்கள், "பயந்துவிட்டாய்" என்றார்கள். நானும் நம்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹபரணை தாண்டியதும் சப்பாத்தைப் பையின் அடியில் போட்டேன். அதன் பிறகு அதை எடுக்கவில்லை. பத்தொன்பது வயது.

பயந்தேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


6. வளாகத்துப்_பௌதிகம் | திங்கள், மாலை 5.30

மூன்றாம்தடம் நானா, உங்கள் பதிவைப் படித்ததும் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டேன். கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். ஓட்டக்காரன் இல்லை. ஆனால் அந்த அரை செக்கன் எங்கே போனது என்று என்னால் சொல்ல முடியும்.

முதலாவது, கையால் எடுக்கும் நேரம் எப்போதும் குறைவாகவே வரும். தொடக்கத்தைக் கண்டு கட்டைவிரல் அழுத்துவதற்குள் நேரம் கழிந்துவிடும். முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவதை முன்கூட்டியே பார்த்து, கோட்டைத் தொடும் கணத்திலேயே விரல் அழுத்திவிடும். அதனால்தான் 100, 200 மீற்றர்களில் கைநேரத்தை மின்னியல் நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 செக்கன் கூட்டுவது வழக்கம். உங்கள் 22.9 அங்கேயே 23.14 ஆகிவிட்டது.

இரண்டாவதுதான் பெரியது. 200 மீற்றர் எங்கே தொடங்குகிறது? வளைவின் தொடக்கத்தில். நேரக் கணிப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள்? முடிவுக் கோட்டில். முழு அளவு மைதானத்தில் இந்த இரண்டுக்கும் குறுக்கே ஏறக்குறைய 110 மீற்றர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க மூன்றில் ஒரு செக்கன் எடுக்கும். உங்கள் மைதானம் சிறியது என்றால் சற்றுக் குறையும். துப்பாக்கியின் புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. வெடிச்சத்தத்தையோ விசிலையோ கேட்டு அழுத்தினால், ஓட்டக்காரர் புறப்பட்டு ஓர் அடி வைத்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். உங்கள் மைதானத்தில் எதைப் பார்த்து அழுத்தினார்கள்?

மூன்றாவது, காற்று. நேர்ப்பாதையில் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் போனால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. உங்களிடம் காற்றுமானி இருந்ததா?

நீங்கள் பயந்ததாக எனக்குத் தோன்றவில்லை, நானா. கொழும்பில் நீங்கள் ஊரைவிட வேகமாகக்கூட ஓடியிருக்கலாம்.


7. கிண்ணியா_மூன்றாம்தடம் | திங்கள், இரவு 11.50

தம்பி, விசில். விசில் ஊதித்தான் ஓடவிட்டார்கள். ஒருவர் கையை உயர்த்தி ஊதுவார், மறு கோடியில் மூன்று பேர் கேட்டு அழுத்துவார்கள். அது ஆவணி மாதம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. நேர்ப்பாதையில் அது முதுகில் தள்ளியது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனைவியை எழுப்பி உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.


8. உவர்மலையான் | செவ்வாய், காலை 5.55

மூன்றாம்தடம் தம்பி, நான் உங்களுக்குக் கற்பித்தவன் இல்லை. ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு நானும் அப்படி விசில் ஊதி நேரம் எடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். 0.24 எனக்குத் தெரியும், பயிற்சி நெறியில் படித்தேன். அதை ஒரு பிள்ளைக்காவது உட்காரவைத்து விளக்கியிருக்கிறேனா என்றால், இல்லை. அது என் தவறு. இங்கே எழுதி வைக்கிறேன்.

சிட்னி இறுதிப் போட்டியை நம் முறையில் அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். கைநேரத்தில் நூறில் பங்கு கிடையாது. பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். டேவிசுக்கும் சுசந்திகாவுக்கும் ஒரே நேரம்தான் விழுந்திருக்கும். யார் முன்னால் என்று முடிவுக் கோட்டு நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொன்று சொல்லியிருப்பார்.


9. கோணமலை_வாசகன் | செவ்வாய், காலை 9.40

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு விடயத்தை யாரும் தொடவில்லை. 1998இல் சுசந்திகா மீதே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. நன்ட்ரலோன். அப்போது செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஜோன்ஸைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு இவரை மட்டும் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நிறுத்துவது நியாயமா? சிறுமி நாளை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?


10. துறைமுக_வாசி | செவ்வாய், முற்பகல் 11.05

கேட்க வேண்டிய கேள்விதான். மறைக்காமல் சொல்லிவிடலாம். 1998இல் குற்றச்சாட்டு வந்தது. விசாரணையின் பின் அவர் விடுவிக்கப்பட்டார். அதன் பிறகுதான் சிட்னியில் ஓடினார். இதைப் பிள்ளைகளிடம் இதே மூன்று வரிகளில் சொல்லலாம், ஒளிக்க ஒன்றும் இல்லை.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. சிட்னியில் ஜோன்ஸ் 100 மீற்றரிலும் தங்கம் வென்றிருந்தார். அதில் இரண்டாவதாக வந்தவர் கிரேக்கத்தின் கத்தரினா தானு. ஜோன்ஸின் தங்கம் பறிக்கப்பட்டதும் அது தானுவுக்குப் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் ஊக்கமருந்துச் சோதனைக்கு வராமல் போன விவகாரத்தில் தானு சிக்கியிருந்தார். சர்வதேச ஒலிம்பிக் குழு அந்தத் தங்கத்தை யாருக்கும் கொடுக்காமல் வெறுமையாக விட்டது. அதே நாள், அதே கூட்டம், அதே மெரியன் ஜோன்ஸ் விவகாரம். 200 மீற்றரில் டேவிசுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, ஜமேக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம் என்று உயர்த்தினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வரிசையை நகர்த்திவிடவில்லை, ஆளைப் பார்த்துத்தான் நகர்த்தினார்கள். கோணமலை வாசகரே, சிறுமி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.


11. கோணமலை_வாசகன் | செவ்வாய், நண்பகல் 12.30

தானு விவகாரம் எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன். 1998ஐயும் சேர்த்தே சொல்லுங்கள் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். பாதிக் கதை சொன்னால் பிள்ளைகள் மீதிக் கதையை வேறு யாரிடமாவது கேட்பார்கள்.


12. ஒரு_தாய்_தம்பலகாமம் | செவ்வாய், இரவு 8.45

அந்தக் கேள்வி கேட்ட சிறுமி என் மகளாகவும் இருக்கலாம், வேறொருத்தியாகவும் இருக்கலாம். என் மகளும் ஓடுகிறாள். வலய மட்டத்தில் 100, 200 இரண்டிலும் முதலிடம். அஞ்சல் ஓட்டத்தில் கடைசிக் கோலை இவள் கையில்தான் கொடுப்பார்கள்.

எனக்குப் பெருமைதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இன்னும் மூன்று ஆண்டுகளில் சாதாரண தரப் பரீட்சை. மாலை வகுப்பைத் தவறவிட்டு மைதானத்துக்கு அனுப்பட்டுமா? அவளுடைய அப்பா வயல் செய்கிறார். ஆணிச் சப்பாத்து வாங்குவதற்கே இரண்டு போகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுசந்திகா இவ்வளவு வென்றும் 2017இல் பதக்கத்தை விற்கப்போவதாக அறிவித்தார் என்று பேப்பரில் படித்தேன். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கே அந்த நிலை என்றால், வயல்காரர் மகளுக்கு ஓட்டம் என்ன கொடுக்கும்? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


13. ஸ்காபரோவிலிருந்து | புதன், அதிகாலை 3.10

தங்கச்சி, நான் மூதூரிலிருந்து இங்கே கனடாவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. என் பேரன் பனிக்காலத்திலும் கூரைக்குக் கீழே செயற்கைத் தளத்தில் ஓடுகிறான். ஓடும் ஒவ்வொரு முறையும் நூறில் பங்கு வரை நேரம் கைப்பேசிக்கு வந்துவிடும். அவன் பெரிய ஓட்டக்காரன் இல்லை. உங்கள் மகள் அவனை முந்திவிடுவாள் என்று நினைக்கிறேன். சப்பாத்துக்கு நான் பொறுப்பு. உவர்மலை சேரிடம் அளவைக் கொடுங்கள். இதை நன்கொடை என்று எண்ண வேண்டாம், ஊர்க்கடன்.


14. நிலாவெளி_மகள் | புதன், காலை 7.15

தம்பலகாமம் அக்கா, ஓட்டம் என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினால் என்ன போகும் என்று தெரியும்.

பதினான்கு வயதில் நிறுத்தப்பட்டேன். பரீட்சையில் அதனால் ஒரு புள்ளியும் கூடவில்லை. மாலையில் இரண்டு மணிநேரம் வீட்டில் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். மாலையில் ஓடிவிட்டு வரும் பிள்ளைகள் காலையில் வகுப்பில் தூங்குவதை நான் கண்டதில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உச்சிக்குப் போக வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டும். சுசந்திகா அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலீஸில் பயிற்சி எடுத்தார். நம் 100 மீற்றர் ஓட்டக்காரர் யுபுன் அபேகோன் இத்தாலியில். அத்னாவலையிலிருந்தே ஒரு பெண் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்றால், தம்பலகாமத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்கிடுங்கள். இப்போதே அதை முடிவு செய்யத் தேவையில்லை. பதின்மூன்று வயதில் வாரம் மூன்று நாள் ஓடினால் போதும். அவள் ஆசையோடு ஓட வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். மாதவிடாய் நாள்களைப் பற்றி அவள் கூச்சமில்லாமல் பேச ஒரு பெண் அருகில் இருக்க வேண்டும். அதற்கு நான் வருகிறேன். ஞாயிறுதோறும் வருகிறேன்.


15. கோணமலை_வாசகன் | புதன், காலை 10.00

யுபுன் பற்றி யாரோ தொட்டுவிட்டதால் கேட்கிறேன். 2022 ஜூலையில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் பத்து செக்கனுக்குக் கீழே ஓடிய முதல் ஆள். ஆனால் அது சுவிற்சர்லாந்தில் மலைமேல் இருக்கும் ஓர் ஊரில் ஓடிய நேரம், உயரத்தில் காற்று மெல்லியது, அதனால் அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?


16. வளாகத்துப்_பௌதிகம் | புதன், நண்பகல் 12.10

லா ஷோ டி ஃபொன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீற்றர். நம் நுவரெலியாவின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். உயரத்தில் சிறிது உதவி கிடைக்கும் என்பது உண்மை. பின்காற்று அனுமதித்த எல்லைக்குள் இருந்தது, சாதனை ஏற்கப்பட்டது. அதே ஆண்டு பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில், மலையும் இல்லாமல், 10.14 ஓடி வெண்கலம் வென்றார். நண்பரிடம் அதையும் சொல்லுங்கள்.


17. கிண்ணியா_மூன்றாம்தடம் | புதன், மாலை 6.40

இரண்டு நாள் எழுதவில்லை. சுசந்திகாவின் ஓட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிட்னியையே சொல்கிறார்கள். என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒசாகா.

2007 உலகச் சம்பியன்ஷிப். சுசந்திகாவுக்கு முப்பத்தொரு வயது. தங்கம் வென்ற அலிசன் ஃபெலிக்ஸுக்கு இருபத்தொன்று, நேரம் 21.81. இரண்டாவது வெரோனிக்கா கெம்பல், 22.34. மூன்றாவது நம்மவர், 22.63. அதாவது ஏதென்ஸ் வெள்ளிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, அதே தூரத்தில், இன்னொரு உலகப் பதக்கம். அதே ஆண்டு அம்மானில் ஆசியச் சம்பியன்ஷிப்பில் 100, 200 இரண்டிலும் தங்கம். இடையில் 2002 பூசானில் 11.15 ஓடி ஆசிய விளையாட்டு விழா 100 மீற்றர்த் தங்கம்.

குறுந்தூர ஓட்டக்காரரின் உடம்பில் பத்து ஆண்டுகள் என்றால் என்ன என்று ஓடியவர்களுக்குத் தெரியும். தொடையின் பின்தசை ஒரு முறை கிழிந்தால் அடுத்த முறை கட்டையில் குந்தும்போது மனம் அந்த இடத்தையே தொட்டுப் பார்க்கும். குற்றச்சாட்டு, விசாரணை, நாடு மாறுதல், இத்தனைக்கும் பிறகு அவர் மீண்டும் மீண்டும் போய் அந்தக் கட்டையில் குந்தினார்.

நான் 23.41ஐப் பார்த்துவிட்டு ஒரே பஸ் பயணத்தில் நிறுத்திவிட்டேன். என்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எனக்கு யாராவது அந்த எண்ணை விளக்கியிருந்தால் நான் இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடியிருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சேர், ஞாயிறு நானும் வரலாமா?


18. உவர்மலையான் | புதன், இரவு 7.05

வாருங்கள் தம்பி. நான்கு மணிக்கு. வளாகத்துத் தம்பியும் வர வேண்டும், அவருக்கு ஒரு வேலை இருக்கிறது.


19. வளாகத்துப்_பௌதிகம் | புதன், இரவு 9.30

வருகிறேன் சேர். எல்லோருக்கும் ஒரு யோசனை. முடிவுக் கோட்டுக் கமராவும் கணினியும் வாங்க நம்மிடம் பணம் இல்லை. ஆனால் இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் மெதுவோட்டப் பதிவு இருக்கிறது. செக்கனுக்கு 240 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.004 செக்கன்தான். கைப்பேசியை முடிவுக் கோட்டுக்கு நேரே, கோடு ஒற்றை இழையாகத் தெரியும்படி அசையாமல் நிறுத்த வேண்டும். இது மின்னியல் நேரக் கணிப்புக்கு ஈடாகாது, சாதனையாகவும் ஏற்க மாட்டார்கள். யார் முன்னால், எவ்வளவு முன்னால் என்று பார்க்கப் போதும்.

தலை, கை, கால் கணக்கில் வராது. நெஞ்சும் வயிறும் உள்ள உடற்பகுதி கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

  


20. உவர்மலையான் | ஞாயிறு, இரவு 8.30

இன்று நடந்ததை எழுதுகிறேன்.

பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். தம்பலகாமத்துத் தாயும் மகளும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கேள்வி கேட்ட சிறுமியும் அவளும் வேறு வேறு பிள்ளைகள். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் 100 மீற்றர் ஓடவிட்டேன். என் கையிலும் மூன்றாம்தடத்தின் கையிலும் கடிகாரம். விசில் இல்லை, வெள்ளைத் துணியை வீசிப் புறப்பட வைத்தோம். இரண்டு பேருக்கும் 13.9. என் கண்ணுக்குச் சமம். மூன்றாம்தடத்தின் கண்ணுக்கும் சமம்.

பிறகு வளாகத்துத் தம்பி கைப்பேசியில் படம் படமாக நகர்த்திக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். தம்பலகாமத்துப் பிள்ளையின் நெஞ்சு கோட்டைத் தொட்டது. அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். பத்தாவது படத்தில்தான் மற்றவளின் நெஞ்சு தொட்டது. 0.04 செக்கன்.

தோற்றவள் அழவில்லை. கைப்பேசியை வாங்கி, தன் படத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தாள். கோட்டுக்கு இரண்டு அடிக்கு முன்பே அவள் தலையைத் திருப்பி அடுத்த தடத்தைப் பார்த்திருந்தாள். தோள் பின்னால் போயிருந்தது. "சேர், நான் பார்த்திருக்கக் கூடாது" என்றாள். முப்பது ஆண்டுகளில் நான் "பக்கத்தில் பார்க்காதே" என்று கத்திய தடவைகளுக்குக் கணக்கில்லை. அவளுக்கு அது இன்று அந்தப் பத்துப் படங்களில்தான் தெரிந்தது.

நிலாவெளி மகள் வந்திருந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து எதிர்வீரசிங்கத்தையும் டங்கன் வைட்டையும் சுசந்திகாவையும் பற்றிச் சொன்னார். 1998ஐயும் சொன்னார். 1984இல் லொஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீற்றர் தடையோட்டத்தில் 55.42 ஓடி, 55.41 ஓடியவரிடம் வெண்கலத்தை இழந்ததையும் சேர்த்துக்கொண்டார். போன வாரம் "அது யார்?" என்று கேட்ட பையன்தான் அதிகம் கேள்வி கேட்டான். ஒட்டி அந்த வயதில் எப்படி ஓடினார் என்பதில் அவனுக்குத் தீராத ஆச்சரியம்.

பயிற்சிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிறுமி எழுதிக் காட்டினாள்: சுசந்திகா ஜயசிங்க, 200 மீற்றர், 22.28, வெள்ளி. அடைப்புக்குறிக்குள் "2009 வரை வெண்கலம்" என்றும் எழுதியிருந்தாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வளைவு ஓட்டம். கைப்பேசியை நிறுத்த மூன்றுகால் தாங்கி வேண்டும். இன்று இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்தோம், காற்றில் ஆடிவிட்டது. யாரிடமாவது இருக்கிறதா?


21. கிண்ணியா_மூன்றாம்தடம் | ஞாயிறு, இரவு 8.52

என் மச்சானிடம் இருக்கிறது, கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். கொண்டு வருகிறேன் சேர். கயிறும் முளையும் கொண்டு வருகிறேன், சனிக்கிழமையே வந்து வளைவை அளந்து சுண்ணாம்பு போட்டுவிடலாம். மூன்றாம் தடத்தில் மேடு இருந்தால் முதலில் அதை வெட்டிச் சமப்படுத்துவோம்.